வரம்பு இறங்கிய வருடத்தில் டாலஸ் 16 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது எப்படி?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது இதுதான்: "2021 மார்ச்சில் அமெரிக்கக் கால்பந்தில், அதாவது என்.எஃப்.எல்.-இல், சம்பள வரம்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் அதே மாதம் டாலஸ் கவ்பாய்ஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு நான்கு வருடத்துக்கு 16 கோடி டாலர் தருகிறது. அப்படியென்றால் வரம்பு பேருக்குத்தானா? வரம்பு குறைந்தால் அணிகள் ஒப்பந்தங்களை எப்படித் திட்டமிடுகின்றன?" மேலோட்டமாக இது விதியைப் பற்றிய கேள்வி. குறைந்துபோன பணத்தை யார் சுமக்கிறார்கள் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் தொழிலால் கணக்காளன். நிறுவனங்களின் ஒப்பந்தக் கணக்குகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. 2011-இல் லாக்அவுட் (உரிமையாளர்கள் வீரர்களை வேலைக்கு வரவிடாமல் கதவடைத்தது) முடிந்த கோடையிலிருந்து என்.எஃப்.எல். அணிகளின் வரம்புக் கணக்கை ஒரு எக்செல் தாளில் வைத்து வருகிறேன். எந்த அணியின் அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை. ஆகவே விதிகளையும், வெளியே வந்த ஒப்பந்த எண்களையும் உறுதியாகச் சொல்வேன். ஒரு மேலாளர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று பேசும் இடங்களில், அது என் ஊகம் என்று சொல்லிவிட்டே பேசுவேன்.

முதலில் வரம்பு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். லீக்கின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 48 சதவீதம் வீரர்களுக்கு என்று உரிமையாளர்களும் வீரர் சங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதில் மருத்துவம், ஓய்வூதியம் போன்ற செலவுகளைக் கழித்து, மிச்சத்தை 32 அணிகளுக்கும் சமமாகப் பிரித்தால் வருவதுதான் ஓர் அணியின் வரம்பு. 1994-இல் தொடங்கியபோது அது 3.46 கோடி டாலர். 2017-இல் 16.7 கோடி, 2018-இல் 17.72, 2019-இல் 18.82, 2020-இல் 19.82 என்று வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி வீதம் ஏறிக்கொண்டே வந்தது. அப்புறம் கொரோனா வந்தது. 2020 சீசனில் பெரும்பாலான மைதானங்கள் காலியாகவோ கால்வாசி நிரம்பியோ கிடந்தன. டிக்கெட், பார்க்கிங், சாப்பாட்டுக்கடை என எல்லா வருமானமும் போயிற்று. விழுந்த பள்ளம் முழுவதையும் 2021-இன் தலையிலேயே கட்டியிருந்தால் வரம்பு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். அதனால் 2020 ஜூலையிலேயே இரு தரப்பும் உட்கார்ந்து, 17.5 கோடிக்குக் கீழே போகாது, மிச்ச இழப்பை அடுத்து வரும் சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். பிப்ரவரியில் அந்தத் தரை 18 கோடியானது. மார்ச் 10 அன்று 18.25 கோடி என்று அறிவித்தார்கள்.

என் தாளில் இந்த எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் மில்லியன் டாலர் கணக்கில் 175 (அதாவது 17.5 கோடி) என்று போட்டேன், அடித்து 180 போட்டேன், கடைசியில் 182.5 போட்டேன். அந்தக் கட்டத்தை மாற்றும்போதெல்லாம் கீழே 32 வரிகளும் நிறம் மாறும். வரம்பைத் தாண்டியவர்கள் சிவப்பு. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வரி அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிவப்பிலேயே இருந்தது. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ பத்து கோடி டாலர் மேலே இருந்தார்கள். புது லீக் வருடம் தொடங்கும் மார்ச் 17-க்குள் அத்தனையையும் இறக்கியாக வேண்டும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. வரம்பு எட்டு சதவீதம் குறைந்தது என்பதால், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் எட்டு சதவீதம் குறைவதில்லை. 2019-இல் ஒரு கோடிக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு 2021-இலும் அந்த ஒரு கோடி அப்படியே நிற்கும். அந்த ஒப்பந்தங்களை எழுதியவர்கள் வரம்பு வழக்கம்போல் ஏறும், 2021-இல் 21 கோடியை நெருங்கும் என்று நம்பித்தான் எழுதினார்கள். எனவே காகிதத்தில் 1.57 கோடி குறைவு என்றாலும், திட்டத்தில் விழுந்த துண்டு அதைவிடப் பெரியது.

சரி, டாலஸ் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் ஐ.பி.எல். ஏலத்தில் ஒரு வீரருக்குக் கொடுக்கும் தொகை அந்த வருடப் பர்ஸிலிருந்து அப்படியே கழியும். என்.எஃப்.எல்.-இல் அப்படி இல்லை. கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் சைனிங் போனஸை, வீரருக்கு உடனே பணமாகக் கொடுத்துவிட்டாலும், வரம்புக் கணக்கில் அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். கணக்குப் படித்தவர்களுக்கு இது பழகிய வேலை: ஒரு இயந்திரத்தை இன்றைக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, செலவை ஐந்து வருடத் தேய்மானமாக எழுதுவது போல. பிரெஸ்காட்டுக்கு டாலஸ் கொடுத்த சைனிங் போனஸ் 6.6 கோடி டாலர். முதல் வருட அடிப்படைச் சம்பளம் 90 லட்சம். ஆக அந்த வருடம் அவர் கைக்குப் போனது 7.5 கோடி. வரம்புக் கணக்கிலோ 6.6 கோடியை ஐந்தால் வகுத்த 1.32 கோடியும், அடிப்படைச் சம்பளம் 90 லட்சமும் சேர்த்து 2.22 கோடிதான்.

நான்கு வருட ஒப்பந்தத்தில் ஐந்தால் எப்படி வகுத்தார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் 'வாய்ட் இயர்' என்கிற வெற்று வருடம் வருகிறது. ஒப்பந்தத்தின் வாலில் கூடுதலாக வருடங்களைச் சேர்த்து எழுதிவிடுவார்கள். அந்த வருடங்களில் வீரர் ஆடப்போவதில்லை. தேதி வந்ததும் அவை தாமாகவே செல்லாமல் போய்விடும். போனஸைப் பரப்பி எழுத இடம் வேண்டும் என்பதற்காக மட்டுமே அவை இருக்கின்றன. பிரெஸ்காட் ஒப்பந்தத்தில் அப்படி இரண்டு வருடங்கள் இருந்தன. இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாக டாலஸிடம் இருந்த வழி, இரண்டாவது முறையாக பிரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போகாமல், சூத்திரப்படியான ஒரு வருடச் சம்பளத்தில் தடுக்கும் உரிமை) போட்டு அவரை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைப்பது. அதற்கு 3.77 கோடி, முழுவதும் அதே வருடக் கணக்கில். இரண்டுக்கும் வித்தியாசம் 1.55 கோடி. லீக் முழுவதற்கும் வரம்பு இறங்கியதே 1.57 கோடிதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரம்பு குறைந்ததும் டாலஸ் பெரிய ஒப்பந்தத்தைப் போட்டது என்பதில் முரண்பாடே இல்லை. வரம்பு குறைந்த வருடத்தில் நீண்ட ஒப்பந்தம்தான் மலிவு.

ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் நட்சத்திரங்களிடமும் இதே வேலையைச் செய்யலாம். இதை 'ரீஸ்ட்ரக்சர்' என்பார்கள். அந்த வருடத்துக்கு உரிய சம்பளத்தையோ போனஸையோ சைனிங் போனஸாக மாற்றி, வரும் வருடங்களுக்குப் பரப்பிவிடுவது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2021 மார்ச்சில் பேட்ரிக் மஹோம்ஸின் 2.17 கோடி டாலர் ரோஸ்டர் போனஸை (குறித்த நாளில் அணியில் இருந்தால் கிடைக்கும் தொகை) இப்படி மாற்றியதில், அந்த வருட வரம்பில் சுமார் 1.7 கோடி இடம் கிடைத்தது. செய்தித் தலைப்புகளில் இதை "அணிக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வீரருக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை. மாதா மாதம் வரவேண்டிய பணம் முன்கூட்டியே மொத்தமாக வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்? உண்மையிலேயே விட்டுக்கொடுத்தவர் என்றால் அந்த வருடம் நியூ ஆர்லியன்ஸின் ட்ரூ பிரீஸைச் சொல்லலாம். ஓய்வு அறிவிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 2.5 கோடியாக இருந்த தன் சம்பளத்தைக் குறைந்தபட்சமான 10.75 லட்சமாக மாற்றிக்கொண்டார்.

அதே செயின்ட்ஸ் டேசம் ஹில்லுக்கு எழுதிய ஒப்பந்தத்தைப் பார்த்தால் இந்த உத்தி எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். நான்கு வருடம், 14 கோடி டாலர் என்று காகிதத்தில் இருந்தது. நான்கு வருடங்களுமே வெற்று வருடங்கள். அந்த 14 கோடியை அவரும் கேட்கவில்லை, அணியும் கொடுக்கப்போவதில்லை. 2021 கணக்கில் 77.5 லட்சம் டாலர் இடம் எடுப்பதற்காக எழுதிய எண் அது. இந்தச் செய்தியை முதலில் பார்த்தபோது என் தாளில் ஏதோ தப்பாக ஏற்றிவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை சரிபார்த்தேன்.

அப்படியானால் சுமை யார் தலையில் விழுந்தது? நடுத்தர வீரர்கள் தலையில். ஏழெட்டு வருடம் ஆடியவர், நல்ல வீரர், ஆனால் போஸ்டரில் முகம் வராதவர், வருடத்துக்கு அறுபது லட்சம் முதல் ஒன்றேகால் கோடி வரை வாங்குபவர். இவருடைய ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் பெரும்பாலும் உத்தரவாதப் பணம் தீர்ந்துபோயிருக்கும். என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் உத்தரவாதம் இல்லாத சம்பளம் என்றால், நாளைக்கே கழற்றிவிட்டால் கொடுக்கத் தேவையில்லாத சம்பளம். ஆகவே வரம்பு இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது இவர்தான். 2021 பிப்ரவரியில் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் டாம்பா பே பக்கனியர்ஸிடம் 31–9 என்று தோற்ற சீஃப்ஸ், அடுத்த மாதமே எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் என்ற தங்கள் இரண்டு டேக்கில்களையும் ஒரே நாளில் கழற்றிவிட்டார்கள். மஹோம்ஸுக்கு இரு பக்கமும் வருடக்கணக்காகக் காவல் நின்றவர்கள். இருவரையும் அனுப்பியதில் சுமார் 1.8 கோடி டாலர் மிச்சம். இதற்கு வரம்பு மட்டும்தான் காரணமா என்றால், அங்கே நான் உறுதியாகப் பேச மாட்டேன். ஃபிஷருக்கு அந்த ஜனவரியில் குதிகால் தசைநார் கிழிந்திருந்தது. ஷ்வார்ட்ஸ் முதுகுவலியில் பாதி சீசனுக்கு மேல் ஆடவில்லை. அதன் பிறகு அவர் களமிறங்கவே இல்லை. வரம்பு ஏறியிருந்தாலும் ஒருவரையாவது அனுப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் வரம்பு இறங்கும்போது, காயம் ஆறுகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கும் பொறுமை அணிகளிடம் இருக்காது.

கழற்றிவிடப்பட்டவர்களும், ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்தவர்களும் ஒரே நேரத்தில் குவிந்தார்கள். வாங்குபவர் கையில் பணம் குறைவு. அதனால் அந்த வசந்தகாலம் ஒரு வருட ஒப்பந்தங்களின் காலமாக இருந்தது. ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் 24 வயதில் சந்தைக்கு வந்து, கடைசியில் பிட்ஸ்பர்க்குக்கே ஒரு வருடம் 80 லட்சம் என்று திரும்பினார். அடுத்த வருடம் வரம்பு ஏறும், அப்போது நல்ல விலைக்குப் போகலாம் என்பது ஏஜென்ட்களின் கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. காயம் வந்தால் அந்த 'அடுத்த வருடம்' கைக்கு எட்டாது. ஸ்மித்-ஷூஸ்டருக்கு அக்டோபரில் தோள் காயம். சீசனின் பெரும்பகுதி போயிற்று. பணக் குறைவை அணி வீரரிடம் தள்ளியது மட்டுமல்லாமல், ஆபத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. சந்தை இறங்கும் வருடங்களில் என்னைக் கஷ்டப்படுத்துவது இந்தப் பகுதிதான். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கோ தடுப்பாட்டத்தில் நிற்கும் லைன்பேக்கருக்கோ நல்ல விலை கிடைக்கும் சந்தை வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். அது எந்த வருடத்தில் வரும் என்பது அவர் கையில் இல்லை.

பிரான்சைஸ் டேக் விலையும் சூத்திரப்படி வரம்போடு சேர்ந்து இறங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அந்த வருடம் டேக் போடுவது அணிகளுக்கு லாபம். டாம்பா பே கிறிஸ் காட்வினை அப்படித்தான் சுமார் 1.6 கோடிக்கு நிறுத்திவைத்தது.

எல்லா அணிகளுக்கும் அது கஷ்ட காலம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வருடம் மிச்சம் பிடித்த இடத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விதி அனுமதிக்கிறது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கையில் நிறைய இடம் இருந்தது. எதிரே போட்டிக்கு ஆள் குறைவு. மேத்யூ ஜூடன், ஹன்டர் ஹென்றி, ஜானு ஸ்மித் என்று சில நாட்களுக்குள் ஒரு வண்டி ஆட்களை ஏற்றினார்கள். உத்தரவாதம் மட்டும் 16 கோடி டாலர் அளவில். இதில் ஜூடன் நல்ல முதலீடு. ஜானு ஸ்மித் இரண்டு வருடத்தில் டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்காக அட்லாண்டாவுக்குப் போனார். சந்தை இறங்கியிருக்கும்போது வாங்கினால் விலை குறையும் என்பது உறுதி. வாங்கியது தேறுமா என்பதற்கு வரம்பு எந்த உதவியும் செய்யாது.

இனி, தள்ளிவைத்த பணம் திரும்பி வரும் கதை. ஒரு வீரரை அனுப்பிவிட்டால், அவருக்காக வரும் வருடங்களில் எழுதவேண்டிய போனஸ் பங்கு முழுவதும் சட்டென்று இந்த வருடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கு 'டெட் மணி' என்று பெயர்: ஆள் இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கார்சன் வென்ட்ஸை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பியபோது 3.38 கோடி டாலர் இப்படி விழுந்தது. அந்த வருட வரம்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, வேறு அணியில் ஆடும் ஒருவருக்காக. இவ்வளவு சுமந்தும் அவர்கள் 9 வெற்றி, 8 தோல்வி என்று பிளேஆஃபுக்குப் போனார்கள். காரணம், அவர்களின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸ் 2020 டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் வந்தவர். அவருடைய சம்பளம் புதுமுக அட்டவணைப்படி நிர்ணயமானது, மிகக் குறைவு. வரம்பு இறங்கும் காலத்தில் டிராஃப்ட் தேர்வுகளின் மதிப்பு கூடுவது இதனால்தான்.

தள்ளிவைப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இரண்டு அணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். டாம்பா பே 2021-இல் டாம் பிரேடிக்கு வெற்று வருடங்களுடன் நீட்டிப்புப் போட்டு 1.9 கோடி இடம் எடுத்தது; சாம்பியன் அணியின் 22 தொடக்க ஆட்டக்காரர்களையும் அப்படியே தக்கவைத்துக்கொண்டது. பில் 2023-இல் வந்தது: ஓய்வுபெற்ற பிரேடிக்காக மட்டும் 3.51 கோடி. அந்த வருடம் பேக்கர் மேஃபீல்டைக் குறைந்த விலைக்கு ஒரு வருடம் எடுத்து, கடனை மொத்தமாக அடைத்தார்கள். டிவிஷனிலும் (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) முதலிடம் பிடித்தார்கள். செயின்ட்ஸ் அடைக்கவில்லை. 2022, 2023, 2024 என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பழைய தவணையைப் புதிய தவணையாக மாற்றிக்கொண்டே போனார்கள். 2021 முதல் 2024 வரையிலான நாலு வருடங்களில் அவர்களின் வெற்றி–தோல்வி 9–8, 7–10, 9–8, 5–12. ஒருமுறைகூட பிளேஆஃப் இல்லை. வரம்புக் கணக்குதான் அவர்களைத் தோற்கடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். பிரீஸுக்குப் பிறகு சரியான குவார்ட்டர்பேக் அமையாததும், பயிற்சியாளர் ஷான் பேட்டன் விலகியதும் அதைவிடப் பெரிய காரணங்களாக இருக்கலாம். கணக்கு செய்தது இதுதான்: அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று நினைத்தாலும் முடியாதபடி அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

தள்ளிவைத்தவர்கள் 2021-இல் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரம்பு அறிவித்த எட்டாம் நாள், மார்ச் 18 அன்று, லீக் 2033 வரைக்குமான தொலைக்காட்சி ஒப்பந்தங்களை அறிவித்தது. பதினொரு வருடத்துக்கு 11,000 கோடி டாலருக்கு மேல். அந்தப் பேச்சுவார்த்தை நடப்பது எல்லா அணிகளுக்கும் தெரியும். பணம் வரும் என்று தெரிந்துதான் கடன் வாங்கினார்கள். வரம்பும் 2022-இல் 20.82 கோடி, 2023-இல் 22.48, 2024-இல் 25.54, 2025-இல் 27.92 என்று பாய்ந்தது. 18 கோடி வரம்பில் மலைபோல் தெரிந்த ஒரு கோடி, 28 கோடி வரம்பில் மேடு மாதிரிதான் தெரியும். 2011-ஐ இதோடு ஒப்பிடுங்கள். அப்போது வரம்பு 12.04 கோடி, மறுவருடம் 12.06, அதற்கடுத்து 12.3. பெரிதாக இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. வரம்பே இல்லாத 2010-இல் சம்பளங்களை அளவுக்கு மீறிக் கொட்டிக் கணக்கு முடித்ததாகச் சொல்லி, 2012-இல் வாஷிங்டனிடமிருந்து 3.6 கோடியும் டாலஸிடமிருந்து ஒரு கோடியும் இடத்தை லீக் பிடுங்கிக்கொண்டது அந்த நேரத்தில்தான். வரம்பு அசையாமல் நிற்கும் காலத்தில் அந்த அடி இரண்டு மடங்காக வலித்தது. ஒரே வருடம் சரிந்து எழும் வரம்பைவிட, மூன்று வருடம் அசையாமல் கிடக்கும் வரம்புதான் ஒப்பந்தத் திட்டத்துக்கு ஆபத்து என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான். இப்படி இரண்டே சம்பவங்கள் கையில் இருக்கும்போது இதை ஒரு விதி என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே உங்கள் அணி அடுத்த சரிவைத் தாங்குமா என்று பார்க்க விரும்பினால், ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். உத்தரவாதம் எந்த வருடத்தோடு முடிகிறது, போனஸ் பங்கு எந்த வருடம் வரை ஓடுகிறது, டிராஃப்டில் வந்த எத்தனை பேர் இன்னும் முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2030 சீசனோடு முடிகிறது. தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து 2029-க்குப் பிறகு லீக் விலகிக்கொள்ளலாம். வெற்று வருடங்களோ அதையும் தாண்டி நீளத் தொடங்கிவிட்டன. என் தாளில் 2031 என்று ஒரு பத்தி திறந்தாயிற்று. மஹோம்ஸின் ஒப்பந்தம் அதுவரை ஓடுவதால் அதில் போடவேண்டிய சம்பளம் இருக்கிறது. மேலே வரம்பு எண் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.